டர்போ இருந்தும் 134 எச்.பி. தானா?

நண்பர்களே, இது கொஞ்சம் நீளமான பதிவு. எஞ்சின் விஷயம் பிடிக்காதவர்கள் இங்கேயே நகர்ந்துவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். இப்போது சங்ககிரிப் பக்கம் டீசல் மெக்கானிக். வீடியோவில் அமெரிக்க ராணுவத்தின் பழைய எம்-35 லாரி. மூன்று அச்சும் இழுக்கிற வண்டி. விசில் அடித்துக்கொண்டே ஒரு மண்மேட்டில் ஏறுகிறது. கீழே அவன் கேள்வி:

"சார், 7.8 லிட்டர் எஞ்சின், ஆறு சிலிண்டர், டர்போ வேற இருக்கு. ஆனா வெறும் 134 எச்.பி.ன்னு போட்டிருக்கான். நம்ம ஊர் லாரி இதைவிடச் சின்ன எஞ்சின்ல இதைவிட அதிகமா குடுக்குதே. அமெரிக்காக்காரனுக்கு டர்போ செட் பண்ணத் தெரியலையா?"

சிரித்துக்கொண்டே விட்டிருப்பேன். அடுத்த மெசேஜ்தான் என்னை உட்கார வைத்தது. "ஒரு பார்ட்டி, டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு டர்போ மாட்டி பம்பையும் ஏத்தி விடச் சொல்றார் சார். மாட்டினா எச்.பி. ஏறும்ல?"

இதில் என் தப்பும் இருக்கிறது. அந்தக் காலத்தில் வகுப்பில் எவனோ கேட்டதற்கு, "டர்போ என்றால் சக்தியைக் கூட்டும் கருவி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். அந்த வரி அப்படியே அவன் மண்டையில் தங்கிவிட்டது. நான் எஞ்சினியர் இல்லை, டீச்சர் டிரெயினிங் படித்தவன். ஆனால் இதற்குத் தேவையான கணக்கு ஏழாம் வகுப்புக் கணக்குதான்.

டர்போ சக்தி தருவதில்லை. காற்றுதான் தருகிறது. சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. நம் வீட்டு விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஊதுகுழலால் ஊதினால் தீ நன்றாகப் பிடிக்கும், புகை குறையும். ஆனால் விறகு ஒன்றும் கூடிவிடாது. எவ்வளவு சோறு வேகும் என்பதை விறகுதான் முடிவு செய்யும். டீசல் எஞ்சினில் விறகு என்பது பம்ப் அனுப்புகிற டீசல்.

கணக்கைப் பாருங்கள். அந்த எஞ்சின் 7.8 லிட்டர். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் அந்த 7.8 லிட்டரையும் நிரப்பும். முழு வேகம் 2600 ஆர்.பி.எம். பாதி 1300. 1300-ஐ 7.8-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்குச் சுமார் 10,000 லிட்டர் காற்று. எடை போட்டால் 12 கிலோ. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். ஆனால் சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் சர்க்கரையும் தண்ணீரும் போலக் கலந்துவிடுவதில்லை. அதனால் நடைமுறையில் 18, 20 கிலோ காற்றாவது இருந்தால்தான் கரும்புகை வராது. ஆக, டர்போ இல்லாத எஞ்சினில் புகை வராமல் எவ்வளவு டீசல் எரிக்கலாம் என்பதற்குக் காற்றே ஒரு வரம்பு போட்டுவிடுகிறது. டர்போ அந்த வரம்பைத் தள்ளி வைக்கிறது. தள்ளி வைத்த இடத்தை எதற்குப் பயன்படுத்துவது என்பது மனிதன் எடுக்கும் முடிவு. என் மாணவன் தவறவிட்டது இந்த இடத்தைத்தான்.

இப்போது அந்த அமெரிக்க லாரிக்கு வருவோம். எம்-35 வந்தது 1950-களின் தொடக்கத்தில், கொரியப் போர்க் காலத்தில். காட்டுப்பாதையில் இரண்டரை டன் சுமக்கும் என்று கணக்கு. அதனால் இரண்டரை டன் லாரி என்றே பெயர். முதலில் பெட்ரோல் எஞ்சின். 1960-களில்தான் டீசல் மாதிரியான எஞ்சின் வந்தது. 'டீசல் மாதிரியான' என்று ஏன் இழுக்கிறேன் என்றால், அது பல எரிபொருள் எஞ்சின். டீசல், மண்ணெண்ணெய், ஜெட் விமான எரிபொருள், அவசரத்துக்குப் பெட்ரோல் எது கிடைத்தாலும் ஓட வேண்டும் என்று செய்தது. போர் நடக்கிற இடத்தில் 'எங்களுக்கு இந்த பங்க் டீசல்தான் ஒத்துக்கொள்ளும்' என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாதே.

அந்த எரிப்பு முறை ஜெர்மனியின் எம்.ஏ.என். கம்பெனியில் மோய்ரர் என்ற பொறியாளர் உருவாக்கியது. பிஸ்டன் தலையில் உருண்டையாக ஒரு குழி இருக்கும். டீசலைக் காற்றின் நடுவில் பீய்ச்சாமல் அந்தக் குழியின் சுவரில் படியவிடுவார்கள். சுவர்ச் சூட்டில் அது ஆவியாகி, சுழலும் காற்றோடு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து எரியும். ஒரே அடியாகப் பற்றாது, அதனால் டீசல் எஞ்சினுக்கே உரிய அந்தத் தட்டல் சத்தம் குறையும். நம் ராணுவத்தின் சக்திமான் லாரி ஞாபகம் இருக்கிறதா? ஜபல்பூரில் அதைச் செய்ததும் இதே எம்.ஏ.என். கம்பெனியிடம் உரிமம் வாங்கித்தான்.

அமெரிக்கர்கள் முதலில் எல்.டி.எஸ்-427 என்று ஒரு எஞ்சினை வைத்தார்கள். 427 கன அங்குலம், அதாவது 7 லிட்டர். டர்போ உண்டு. அது நெடுநாள் நிலைக்கவில்லை. அடுத்து வந்தது எல்.டி-465. பெயரில்தான் 465, உண்மையில் 478 கன அங்குலம், 7.8 லிட்டர். இதில் டர்போ இல்லை! புதியது என்றால் டர்போ கூடத்தானே வேண்டும்? இவர்கள் எஞ்சினைப் பெரிதாக்கிவிட்டு டர்போவைக் கழற்றிவிட்டார்கள். பிறகு அதே எஞ்சினுக்கு மறுபடி டர்போ மாட்டி எல்.டி.டி-465 என்று பெயர் வைத்தார்கள். வீடியோவில் விசில் அடிப்பது இதுதான்.

டர்போ இல்லாதபோது சுமார் 130. டர்போ மாட்டிய பிறகு 134. என் மாணவனுக்கு இது கேலியாகத் தெரிகிறது. எனக்கு இதுதான் பாடமாகத் தெரிகிறது. ஏனென்றால் அந்த டர்போ சக்திக்காக மாட்டப்பட்டதே இல்லை. புகைக்காக மாட்டப்பட்டது. டர்போ இல்லாத எஞ்சின் முழு இழுவையில் கரும்புகை தள்ளியது. ராணுவ லாரி புகை தள்ளினால் பின்னால் வருகிறவன் இருமுவதோடு முடியாது, 'நாங்கள் இங்கே இருக்கிறோம்' என்று மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவனுக்குத் தந்தி அடித்த மாதிரி. அதனால் டீசலை ஏற்றாமல் காற்றை மட்டும் ஏற்றினார்கள். ஊதுகுழல் ஊதியது, விறகு அதே விறகு. புகை குறைந்தது, எச்.பி. அங்கேயே நின்றது.

வேடிக்கை என்னவென்றால், புகை போய் விசில் வந்தது. முதலில் மாட்டிய டர்போ போடுகிற சத்தம் வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே காதில் விழும். எஞ்சினின் மாடல் எழுத்தை வைத்து அதை 'சி டர்போ' என்பார்கள். பின்னால் வந்த 'டி டர்போ' அடக்கமானது. இன்றைக்கு ஏலத்தில் இந்த லாரியை வாங்கி வைத்திருக்கும் அமெரிக்கர்கள் அந்த விசிலுக்காகவே சி டர்போவைத் தேடி வாங்கி மாட்டுகிறார்களாம். எந்தச் சத்தம் வேண்டாம் என்று ராணுவம் நினைத்திருக்குமோ, அதற்கு இப்போது காசு கொடுக்கிறார்கள். ஆசைக்கு என்ன சொல்வது?

எச்.பி.யை ஏற்றாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோலையும் அழுத்தச் சூட்டிலேயே பற்ற வைக்க வேண்டும் என்பதால் இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் 22-க்கு 1. ஏற்கெனவே இவ்வளவு இறுக்கமான இடத்தில் டர்போ காற்றையும் திணித்து, டீசலையும் ஏற்றினால், அழுத்தம் முழுவதும் ஹெட் கேஸ்கட் மீதும் கனெக்டிங் ராடு மீதும்தான் விழும். பம்பில் வேறு ஒரு தனி அமைப்பு வைத்திருந்தார்கள். லேசான எரிபொருள் ஊற்றினால் அளவைக் கொஞ்சம் கூட்டும், கனமானது ஊற்றினால் குறைக்கும். எதை ஊற்றினாலும் டிரைவருக்கு வண்டி ஒரே மாதிரி இழுக்க வேண்டும் என்பதற்காக. இவ்வளவு ஏற்பாடு செய்தவனுக்கு டர்போ செட் பண்ணத் தெரியாது என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதிக சக்தி வேண்டும் என்றபோது அவர்கள் கேட்டு வாங்கவும் செய்தார்கள். ஐந்து டன் லாரியில் இதே 7.8 லிட்டர் குடும்பத்தின் எல்.டி.எஸ்-465 வந்தது. பெரிய டர்போ, கூடுதல் டீசல், சுமார் 175 எச்.பி. அதாவது இந்த முறை விறகையும் சேர்த்துப் போட்டார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த ஒப்பீடு அதுதான். 1980-களில் வந்த எம்-939 ஐந்து டன் லாரியில் கம்மின்ஸ் என்.எச்.சி-250 எஞ்சின். 14 லிட்டர், டர்போ இல்லை, 240 எச்.பி. பிறகு ஏ2 என்ற மாடலில் அதே கம்மின்ஸ் கம்பெனியின் 8.3 லிட்டர் டர்போ எஞ்சினை வைத்தார்கள். எத்தனை எச்.பி. தெரியுமா? அதே 240. 14 லிட்டரில் கிடைத்ததை 8.3 லிட்டரில் எடுத்தார்கள். எஞ்சின் எடை வெகுவாகக் குறைந்தது. 1500 ஆர்.பி.எம்மில் இழுவை 929 நியூட்டன் மீட்டரிலிருந்து 1010 ஆனது. மேட்டில் ஏறும்போது டிரைவர் காலில் உணர்வது எச்.பி. இல்லை, இந்த இழுவைதான். பேப்பரில் 240, 240 என்று பார்த்தவன் 'ஒன்றும் மாறவில்லை' என்பான். ஓட்டியவனைக் கேட்டால் வேறு கதை சொல்வான்.

லிட்டருக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். டர்போ உள்ள எல்.டி.டி-465, லிட்டருக்கு 17. டர்போவே இல்லாத 14 லிட்டர் கம்மின்ஸும் லிட்டருக்கு 17 தான்! எல்.டி.எஸ்-465 லிட்டருக்கு 22. 8.3 கம்மின்ஸ் 29. 'டர்போ உண்டா, இல்லையா' என்ற கேள்விக்கு இந்த வரிசையில் ஒரு மதிப்பும் இல்லை. முதல் இரண்டும் ஒன்றுபோல இருக்கின்றன. ஒன்றில் டர்போ உண்டு, மற்றதில் இல்லை.

எச்.பி. பட்டியலில் வராத இன்னொரு லாபம் மலையில் தெரியும். கடல் மட்டத்தில் இருக்கும் காற்றின் அடர்த்தி 3000 மீட்டர் உயரத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே போய்விடும். லடாக்கில் 5300 மீட்டருக்கு மேலே இருக்கும் கார்துங் லா கணவாயில் பத்துக்கு ஆறு பங்குகூட இருக்காது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே 7.8 லிட்டராக இருந்தாலும் நாலரை லிட்டர் எஞ்சின் மாதிரிதான் மூச்சுவிடும். டீசல் மட்டும் பழைய அளவிலேயே போனால் புகையாகக் கொட்டும். டர்போ இருந்தால், வெளிக்காற்று மெலிந்திருப்பதால் சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றி இழப்பில் பெரும்பகுதியை ஈடுகட்டும். கீழே சமவெளியில் 130-ம் 134-ம் ஒன்றுதான். மலை உச்சியில் ஒன்று ஏறும், மற்றது நின்று மூச்சு வாங்கும். தொழிற்சாலையில் எடுத்த எண்ணை மட்டும் பார்க்கிறவனுக்கு இது தெரியவே தெரியாது.

இதற்கு மறுப்பு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 134 எச்.பி. போதாது என்று அந்த ராணுவமே கடைசியில் முடிவு செய்தது. 1990-களில் பழைய எம்-35 லாரிகளில் ஒரு பகுதியைப் புதுப்பித்து ஏ3 என்று பெயர் வைத்தபோது, 6.6 லிட்டர் கேட்டர்பில்லர் டர்போ எஞ்சின் வைத்தார்கள். 170 எச்.பி., கூடவே ஆட்டோமேட்டிக் கியர். நெடுஞ்சாலையில் பழைய வண்டி எறும்பு மாதிரி போனது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் கவனியுங்கள், அவர்கள் பழைய எஞ்சினின் பம்பை முறுக்கி 170 எடுக்கவில்லை. எஞ்சினையே மாற்றினார்கள்.

பம்பை முறுக்குகிறவர்கள் யார் என்றால், ஏலத்தில் வாங்கிய தனியார்கள். டர்போ ஏற்கெனவே இருக்கிறது, காற்றும் மிச்சம் இருக்கிறது, ஒரு ஸ்க்ரூவைத் திருகினால் டீசல் கூடும், வண்டி பாய்கிறது. உண்மைதான், பாயும். ராணுவம் ஒதுக்கி வைத்த மிச்சத்தைத்தான் இவர்கள் செலவழிக்கிறார்கள். அவர்களிலேயே விவரம் தெரிந்தவர்கள் முதலில் டர்போவுக்கு முன்னால் புகைச் சூடு காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டிக்கொண்டு, முள் 650 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிஸ்டன் அலுமினியம் அல்லவா? மீட்டர் இல்லாமல் திருகுகிறவனுக்கு நீண்ட மேட்டில் எப்போது பிஸ்டன் உருகும் என்று முன்கூட்டியே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்கு ஓட்டுகிறவனுக்கு அது ஒரு எஞ்சின் நஷ்டம். அவனுக்கு வேறு வண்டி இருக்கும், வேறு வேலை இருக்கும்.

நம் பார்ட்டிக்கு அப்படியா? அந்த லாரியை நம்பி ஒரு குடும்பம், டிரைவர் குடும்பம் ஒன்று, கட்ட வேண்டிய டியூ. அதனால்தான் போனிலேயே அவனிடம் கொஞ்சம் கடிந்து பேசிவிட்டேன். "ஏன்டா, டர்போவுக்கு ஆயில் லைன் எங்கிருந்து எடுப்பே? திரும்பி வர்ற ஆயில் எங்கே இறங்கும்? அந்த பிஸ்டன் டர்போ சூட்டுக்குச் செஞ்ச பிஸ்டனா? ரேடியேட்டர் தாங்குமா? எல்லாம் தாங்கி வண்டி வேகமாப் போச்சுன்னே வெச்சுக்கோ, பிரேக் அதே பழைய பிரேக்தானே?" கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு சொல்கிறது என்பதையும் சொன்னேன். "அதெல்லாம் யாரு சார் பாக்கறா" என்றான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் பார்ப்பான் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

பிறகு நான் கேட்டேன். "சரி, அவருக்கு எதுக்குடா டர்போ? மேடு ஏற மாட்டேங்குதா, ஸ்பீடு போதலையா, இல்ல புகையா?" அதைக் கேட்கவே இல்லை சார் என்றான். பார்ட்டி டர்போ என்றார், இவன் எச்.பி. என்று நினைத்துக்கொண்டான், விலையும் பேசிவிட்டார்கள். எங்கே கிடைக்கும் என்பதுவரை பேசியாகிவிட்டது, எதற்கு என்பதை மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. கேட்டுவிட்டு வா என்று போனை வைத்தேன்.

முந்தாநாள் கூப்பிட்டான். எஃப்.சி.க்குப் போன இடத்தில் புகைக்காக வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். 'டர்போ போட்டால் புகை நின்றுவிடும்' என்று யாரோ டீக்கடையில் சொல்லியிருக்கிறார்கள். டீக்கடைக்காரர் சொன்னது எல்.டி.டி-465 விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி என்பது தனிக் கதை! ஆனால் பம்பையும் ஏற்றிவிடச் சொன்னாரே, அங்கேதான் எல்லாம் கெட்டது. புகையைக் குறைக்கக் காற்றும் வேண்டும், புகையைக் கூட்டும் டீசலும் வேண்டும் என்றால் எப்படி?

இவன் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்திருக்கிறான். தட்டினால் ஒரு முறம் மண் கொட்டியதாம். ஆறு நாசிலில் இரண்டு பீய்ச்சவே இல்லை, ஒழுகுகிறது. ஃபில்டரை மாற்றிவிட்டு, நாசிலையும் பம்பையும் சர்வீஸுக்குக் கொடுத்திருக்கிறான். பழைய டர்போவுக்குப் பேசிய விலையில் இது பாதிகூட ஆகவில்லை என்றான். கூலி குறைந்துவிட்டதே என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது, குரலில் தெரிந்தது. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

பம்ப் இன்னும் வரவில்லை. வந்து மாட்டியதும், ஆக்சிலரேட்டரை முழுசா மிதித்து சைலன்சரை வீடியோ எடுத்து அனுப்புகிறேன் சார் என்றிருக்கிறான். வந்தால் இங்கே போடுகிறேன்.